கல்கத்தாவைச் செம்புத் தகட்டில் வெட்டிய தாமஸ் டேனியல்

கொல்கத்தாவில் பழைய ஊர்ப் படங்களைத் தேடி அலைகிறவர்கள் சிலர் உண்டு. காலேஜ் தெருவின் பழைய புத்தகக் கடைகளுக்கும், ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டம் கூடிய ரஸ்ஸல் தெரு ஏலக் கடைகளுக்கும் வருஷக் கணக்கில் நடையாய் நடந்தவர்கள் இவர்கள். சிலர் தபால் தலை சேர்ப்பார்கள், சிலர் நாணயம் சேர்ப்பார்கள் அல்லவா? அதுபோல் இவர்கள் சேர்ப்பது, காமிரா வருவதற்கு முன்னால் செம்புத் தகட்டிலும் கல்லிலும் அச்சடித்து விற்கப்பட்ட நகரக் காட்சிப் படங்கள். ஃபிரேசர், மொஃபட், பெய்லி, டாய்லி என்று வரிசையாகப் பெயர் சொல்லுவார்கள். அந்த வரிசைக்கெல்லாம் தலையாக வைப்பது தாமஸ் டேனியல் என்ற பெயரை.

1786-க்கும் 1788-க்கும் இடையே கல்கத்தாவிலேயே வரைந்து, கல்கத்தாவிலேயே தகட்டில் வெட்டி, கல்கத்தாவிலேயே அச்சடித்து அவர் வெளியிட்டவை பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்கு மேல் அகலமுள்ளது. பன்னிரண்டும் ஒருசேர ஒருவர் கையில் இருப்பது அபூர்வம். ஒற்றைப் படம் ஒன்று கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்பார்கள்.

இந்தப் படங்களை உண்டாக்கியவர் வசதியில் பிறந்தவர் அல்லர். பட்டம், பதவி, பெரிய இடத்துச் சிபாரிசு எதுவும் இல்லாமல் முப்பத்தைந்து வயதுக்கு மேல் கடல் கடந்து வந்து, பிழைப்புக்காகத் தொடங்கிய வியாபாரமே இது.

வண்டிக்கு வர்ணம் பூசியவர்

தாமஸ் டேனியல் 1749-ஆம் ஆண்டு லண்டனுக்கு அருகே தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை வழிப்போக்கர் தங்கும் விடுதி ஒன்றை நடத்தி வந்தார். படிப்புக்குப் பெரிய வழியில்லை. சிறு வயதிலேயே கோச்சு வண்டி செய்யும் பட்டறையில் தொழில் பழகச் சேர்த்து விட்டார்கள். அக்காலத்துச் சீமான்களின் வண்டிக் கதவுகளில் குடும்ப முத்திரைகளையும் பூங்கொடிகளையும் நுணுக்கமாகத் தீட்டுவார்கள். அந்த வேலைதான் டேனியலின் கைக்கு முதல் பயிற்சி. பிறகு அரசரின் வண்டிகளுக்கே வர்ணம் தீட்டி வந்த சார்லஸ் காட்டன் என்பவரிடம் வேலை பார்த்தார். 1773-ல் லண்டன் ராயல் அகாடமி ஓவியப் பள்ளியில் இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. பூக்களும் இயற்கைக் காட்சிகளும் வரைந்து கண்காட்சிகளில் வைத்தார். ஆனால் லண்டனில் ஓவியர்களுக்குப் பஞ்சமே இல்லை. பத்து வருஷம் போராடியும் பெரிதாகத் தலையெடுக்க முடியவில்லை.

இந்தியாவுக்குப் போய் வந்தவர்கள் கை நிறையப் பணத்துடன் திரும்புவதை அந்நாளில் லண்டன் முழுவதும் பேசியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் எந்த வெள்ளையரும் இங்கே வந்து தொழில் செய்ய முடியாது. டேனியல் 1784-ல் விண்ணப்பித்தார். தகட்டில் படம் வெட்டும் தொழிலாளி என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார். கூடவே உதவியாளராக அண்ணன் மகன் வில்லியமுக்கும் அனுமதி கிடைத்தது.

வில்லியம் 1769-ல் பிறந்தவன். தகப்பனார் இறந்ததும் சிறுவனைத் தாமஸ் தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டிருந்தார். இருவரும் 1785 ஏப்ரலில் கப்பல் ஏறினார்கள். நேராகக் கல்கத்தாவுக்கு அல்ல. கப்பல் முதலில் சீனாவுக்குப் போயிற்று. அங்கிருந்து சுற்றிக் கொண்டு 1786-ன் தொடக்கத்தில்தான் ஹூக்ளி நதிக்குள் நுழைந்தார்கள்.

பன்னிரண்டு படத்துக்கு ஒரு விளம்பரம்

அப்போது கல்கத்தா வேகமாக வளர்ந்து கொண்டிருந்த ஊர். ராணுவத்துக்குப் புதிய கோட்டை கட்டி முடித்தாகி விட்டது. எஸ்பிளனேடு பக்கம் தூண் வைத்த வெள்ளை மாளிகைகள் ஒவ்வொன்றாக எழும்பிக் கொண்டிருந்தன. ஆசியாட்டிக் சொசைட்டி தொடங்கி இரண்டு வருஷம். பணமும் இருந்தது, அந்தப் பணத்தைத் தேடி ஐரோப்பிய ஓவியர்களும் வந்து இறங்கியிருந்தார்கள். ஆனால் ஸோஃபனி, டெவிஸ் போன்றவர்கள் கனவான்களின் உருவப் படம் தீட்டிச் சம்பாதித்தார்கள். டேனியல் அந்தப் போட்டிக்குப் போகவில்லை. ஊரையே படமாக்கி, அச்சிட்டு, பல பேருக்கு விற்றால் என்ன என்று யோசித்தார். சொந்த ஊருக்குக் கடிதம் எழுதும் ஆங்கிலேயர் ஒவ்வொருவருக்கும், தாம் இருக்கும் ஊர் எப்படிப்பட்டது என்று காட்ட ஆசை இருக்கும் என்பது அவர் கணக்கு.

1786 ஜூலையில் கல்கத்தா கிரானிக்கிள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். நகரின் காட்சிகள் பன்னிரண்டு, வர்ணம் தீட்டித் தரப்படும் என்று அறிவிப்பு. வாக்குக் கொடுத்தது சுலபம். செய்து முடிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

காரணம், இந்த வேலையின் தன்மை. அக்வாடின்ட் என்ற முறை அப்போது இங்கிலாந்திலேயே புதிது. முதலில் செம்புத் தகட்டைக் கண்ணாடி போல் மெருகேற்ற வேண்டும். அதன் மேல் மெழுகு பூசி, ஊசியால் படத்தின் கோடுகளைக் கீற வேண்டும். தகட்டைத் திராவகத்தில் இட்டால் கீறிய இடத்தில் மட்டும் அரித்துப் பள்ளமாகும். கோடு வந்து விட்டது, நிழல் வேண்டுமே! அதற்குக் குங்கிலியம் போன்ற பிசினைப் பொடித்து, மாவு போல் சலித்து, தகட்டில் சீராகப் படிய விட்டு அடியில் சூடு காட்டுவார்கள். துகள்கள் உருகி ஒட்டிக் கொள்ளும். மீண்டும் திராவகம் விட்டால் துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள இடம் அரிக்கும். வானம் போல வெளிச்சமாக இருக்க வேண்டிய பகுதியை வார்னிஷ் பூசி மூடி விட்டு, மற்ற இடத்தை இன்னும் கொஞ்ச நேரம் அரிக்க விடுவார்கள். பிறகு இன்னும் ஒரு பகுதியை மூடுவார்கள். இப்படிப் பல தடவை. ஒரு நிமிஷம் கூடினால் சுவரின் நிழல் கரியாகிப் போகும். தகட்டைத் தேய்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தகடு தயாரான பின்பும் வேலை முடியாது. மையை அப்பி, மேலே உள்ளதைத் துடைத்து, பள்ளத்தில் மட்டும் நிற்க வைக்க வேண்டும். ஈரப்படுத்திய காகிதத்தை மேலே வைத்து உருளை அச்சில் அழுத்த வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் இதே பாடு. கடைசியில் ஒவ்வொன்றுக்கும் கையால் நீர் வர்ணம் தீட்ட வேண்டும்.

லண்டனில் இந்த வேலைகளுக்குத் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். கல்கத்தாவிலோ வரைகிறவர், வெட்டுகிறவர், தகடு அடிக்கிறவர், அச்சடிக்கிறவர், மை துடைக்கும் எடுபிடி எல்லாமே டேனியல்தான். வேலை முடிந்த பிறகு, தமக்குத் தெரிந்த ஓசியஸ் ஹம்ஃப்ரி என்ற ஓவியருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லி அவர் புலம்பியிருக்கிறார். உடம்பே தேய்ந்து விட்டதாகவும், ஆனாலும் எடுத்த காரியத்தை விடுவதில்லை என்று பிடிவாதமாக முடித்ததாகவும் அதில் கண்டிருக்கிறது.

முற்றிலும் தனியாகச் செய்தார் என்று எடுத்துக் கொண்டால் தவறு. உள்ளூர்க் கைவேலைக்காரர்கள் அவரிடம் வேலை பார்த்தார்கள். அக்வாடின்ட் என்ற பேரையே கேட்டிராத வங்காளிகள் அதைக் கற்றுக் கொண்டு உதவினார்கள். அவர்களில் ஒருவர் பேர் கூடப் படத்தின் அடியில் இல்லை. டேனியலின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அவருடைய உழைப்பைப் புகழும்போது, இந்தப் பேர் தெரியாதவர்களையும் ஒரு வரி நினைப்பது நியாயம்.

படத்தில் உள்ள ஊர்

முதல் படம் பழைய கோட்டை. 1756-ல் நவாப் சிராஜ் உத் தௌலா பிடித்த அதே கோட்டை. பக்கத்தில் நாடகக் கொட்டகையும், இருட்டறைச் சம்பவத்தில் இறந்தவர்களுக்காக ஹால்வெல் என்பவர் எழுப்பிய தூணும் தெரியும். இரண்டாவது படத்தில் பழைய கோர்ட் ஹவுஸும் ரைட்டர்ஸ் பில்டிங்கும் இருக்கின்றன.

கொல்கத்தாவில் இருக்கும் நம்மவர்கள் இந்த இரண்டு படங்களையும் பார்த்தால் திகைத்துப் போவார்கள். டல்ஹௌசி சதுக்கம் என்று நெடுங்காலம் வழங்கி, இப்போது பினய்-பாதல்-தினேஷ் பாக் என்று பெயர் பெற்ற அதே இடம்தான். ஆனால் எதுவும் பிடிபடாது. பழைய கோட்டையின் மிச்சம் 1819-ல் சுங்கச் சாவடி கட்டுவதற்காக இடிக்கப்பட்டது. அதே நிலத்தின் ஒரு பகுதியில்தான் 1868-ல் பெரிய தபால் ஆபீஸ் எழுந்தது. கோர்ட் ஹவுஸ், படம் வெளிவந்து ஆறே வருஷத்தில், 1792-ல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது இருப்பது செயின்ட் ஆண்ட்ரூஸ் மாதாகோயில். ரைட்டர்ஸ் பில்டிங் மட்டும் இன்னும் நிற்கிறது. 2013 வரை மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலகமாக இருந்த அந்தக் கட்டிடத்தின் செங்கல் நிற முகப்பும் சிலைகளும் எல்லோருக்கும் தெரியும். டேனியல் படத்தில் அது அலங்காரம் ஏதுமில்லாமல், கம்பெனிக் குமாஸ்தாக்கள் தங்கும் நீளமான பட்டாளத்து லயன் மாதிரி இருக்கும். இன்றைய முகப்பு 1880-களில் ஒட்ட வைத்தது.

மற்றொரு படத்தில் செயின்ட் ஜான்ஸ் மாதாகோயில். 1787-ல் திறக்கப்பட்டது. கௌர் நகரத்தின் இடிபாடுகளிலிருந்து கல் கொண்டு வந்து கட்டியதால் ஊரார் கல் கோயில் என்றே அழைத்தார்கள். டேனியல் வரைந்தபோது அது புத்தம் புதிது.

சேகரிப்பவர்கள் தனியாக மதிக்கும் படம் ஒன்று உண்டு. வெள்ளையர் பகுதியை விட்டு வடக்கே சித்பூர் பக்கம் போய் வரைந்தது. கோவிந்தராம் மித்திரர் கட்டிய ஒன்பது கோபுரக் கோயிலும் அதை ஒட்டிய வீடும் அதில் இருக்கின்றன. மித்திரர் கம்பெனியின் வரி வசூல் நிர்வாகத்தில் பெரிய புள்ளி. கோபுரம் நகரத்திலேயே உயரமானதாக இருந்தது என்பார்கள். அது விழுந்து போய் வெகுகாலம் ஆயிற்று. அதன் கம்பீரத்தைப் பார்க்க வேண்டுமானால் இந்தக் காகிதம்தான் வழி.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டில் பெரும்பாலானவை வெள்ளைக்காரர் கட்டிடங்கள். ஊரின் பெரும் பகுதியில் குடிசை போட்டு வாழ்ந்த ஜனங்களின் தெருக்களை டேனியல் அதிகம் வரையவில்லை. வாங்குகிறவர் யாரோ அவருக்குப் பிடித்ததைத்தானே வரைய முடியும்? ஆயினும் மாளிகைகளுக்கு முன்னால் தெருவில் பல்லக்குத் தூக்கிகளும் மாட்டு வண்டிகளும் கூடைக்காரர்களும் போய்க் கொண்டிருக்கிறார்கள். அவர்களை அவர் ஒப்புக்குப் போடவில்லை. ஒருவர் நிற்கும் நிலை, முண்டாசு, தோளில் சுமை எல்லாம் நேரில் பார்த்து எழுதியவை.

வண்டி வண்டியாக விற்ற படங்கள்

விற்பனை எப்படி? கையைக் கடிக்கவில்லை. கிடைத்த பணத்தைக் கொண்டு 1788-ல் வடநாட்டுப் பயணம் கிளம்ப முடிந்தது. ஆனால் ஹம்ஃப்ரிக்கு எழுதிய அதே கடிதத்தில் வேறொரு சேதியும் இருக்கிறது. கல்கத்தாவின் சாதாரணக் கடைத்தெருவிலெல்லாம் படங்கள் குவிந்து கிடப்பதாகவும், தமக்கு முன் இந்தியா வந்து போன வில்லியம் ஹாட்ஜஸின் படங்கள் வண்டி வண்டியாக மலிவில் தள்ளப்படுவதாகவும் டேனியல் எழுதியிருக்கிறார். ஹாட்ஜஸின் அந்த நாற்பத்தெட்டுப் படங்கள் இன்று எவ்வளவு தேடப்படுகின்றன என்று அறிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது வயிறு எரியும்!

அந்தச் சரக்கெல்லாம் எங்கே போயிற்று? கல்கத்தாவின் மழைக்காலம் காகிதத்துக்கு எமன். புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். மிச்சத்தைக் கரையானும் வெள்ளிப் பூச்சியும் பார்த்துக் கொள்ளும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவை வெளிச்சத்தில் வர்ணம் வெளுத்தன. சீமைக்குத் திரும்பியவர்கள் பெட்டியில் எடுத்துப் போனவையே பெரும்பாலும் பிழைத்தன. அவற்றிலும் பலவற்றை வியாபாரிகள் ஏட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்று விட்டார்கள்.

இமயம் முதல் குமரி வரை

கங்கையில் படகேறிய இருவரும் மூர்ஷிதாபாத், பாகல்பூர், காசி, அலகாபாத், கான்பூர், ஆக்ரா என்று போனார்கள். 1789 பிப்ரவரியில் டில்லி. அதற்கு முந்தைய வருஷம்தான் பாதுஷா ஷா ஆலமின் கண்களைக் குலாம் காதிர் பிடுங்கியிருந்தான். நகரமே பயந்து ஒடுங்கிக் கிடந்தது. அந்த நிலையிலும் ஜும்மா மசூதியையும் குதுப் மினாரையும் வரைந்து கொண்டு, ஹரித்துவாரம் வழியாக மலையேறிக் கார்வால் ஸ்ரீநகர் வரை சென்றார்கள். அந்த மலைகளை வரைந்த முதல் ஐரோப்பிய ஓவியர்கள் இவர்களே.

போகும் இடமெல்லாம் ஹாட்ஜஸின் படங்களைக் கையில் வைத்துக் கொண்டு, அவர் நின்ற இடத்திலேயே நின்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தவறு கண்டபோதெல்லாம் வில்லியம் தன் நாட்குறிப்பில் குறித்து வைத்தான். ஹாட்ஜஸ் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று கோபுரத்தைச் சற்று இழுப்பார், மரத்தை நகர்த்துவார். டேனியல்களிடம் காமிரா அப்ஸ்குரா என்ற இருட்டுப் பெட்டி இருந்தது. கண்ணாடி வழியாக எதிரே உள்ள காட்சி காகிதத்தில் விழும். அதன் மேலேயே கோடு இழுக்கலாம். சரித்திரம் ஆராய்கிறவர்கள் டேனியல் படங்களை நம்பிக்கையோடு எடுத்துப் பார்ப்பதற்கு இந்தப் பெட்டி ஒரு முக்கியக் காரணம்.

லக்னோவில் கொஞ்ச காலம், பாகல்பூரில் நெடுநாள் தங்கல் என்று மூன்று வருஷம் ஓடியது. 1791 கடைசியில் கல்கத்தா திரும்பியபோது கையில் கட்டுக் கட்டாகச் சித்திரங்கள், பணம்தான் இல்லை. தீட்டிய எண்ணெய் வர்ணப் படங்களை லாட்டரி போட்டு விற்றார்கள். சீட்டு வாங்கியவருக்குக் குலுக்கலில் விழும் படம் சொந்தம். அந்தப் பணத்தில் தெற்கே கப்பல் ஏறி, 1792 மார்ச் கடைசியில் சென்னையில் இறங்கினார்கள். ஹௌராவில் ஏறினால் ஒரு நாளும் சில மணி நேரமுமாகச் சென்ட்ரலில் கொண்டு விடுகிற ரயிலெல்லாம் அப்போது ஏது?

அந்த மாதம்தான் திப்பு சுல்தானோடு மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து உடன்படிக்கை ஆகியிருந்தது. போரில் பேர் அடிபட்ட மலைக்கோட்டைகளைப் பார்க்க ஆங்கிலேயர்களுக்கு ஆவல். ஏப்ரல் வெயிலில் பல்லக்குகளிலும் சுமையாட்களுமாகக் கிளம்பிய பரிவாரம் காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர் என்று மேற்கே திரும்பி, ராயக்கோட்டை வட்டாரத்து மலைகளையெல்லாம் வரைந்தது. பிறகு சேலம், திண்டுக்கல், மதுரை, குற்றாலம், பாபநாசம். கன்னியாகுமரிப் பக்கம் வரை போய்த் திரும்புகையில் திருச்சி, தஞ்சாவூர். 1793 ஜனவரியில் மறுபடி சென்னை. மாமல்லபுரத்தையும் விடவில்லை.

பிற்காலத்தில் லண்டனில் அச்சான படங்களில் தஞ்சைப் பெரிய கோயிலும், திருச்சி மலைக்கோட்டையும், மதுரை அரண்மனை இடிபாடும், பாபநாசம் அருவியும் இருக்கின்றன. மண்டபத்துக்கு முன்னால் வேஷ்டி கட்டிய நம்மூர்க்காரர்கள் நின்று பேசிக் கொண்டிருக்கிறார்கள். சென்னையிலும் ஒரு லாட்டரி நடத்தி விட்டுப் பம்பாய் போனார்கள். எலிஃபண்டா, கார்லி, கன்ஹேரி குகைகளைப் பார்த்து வரைந்து கொண்டார்கள். 1794 செப்டம்பரில் இங்கிலாந்து சேர்ந்தார்கள். புறப்பட்டு ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பதினைந்து வயதில் போன வில்லியம் இருபத்தைந்து வயது வாலிபன்.

நூற்று நாற்பத்து நாலு படங்கள்

லண்டனில் ஹௌலண்டு தெருவில் வீடு எடுத்து, கல்கத்தாவில் கற்ற வேலையை மறுபடி தொடங்கினார்கள். 1795 முதல் 1808 வரை பதின்மூன்று வருஷம் பகுதி பகுதியாக வெளிவந்தது 'ஓரியண்டல் சீனரி'. மொத்தம் 144 படங்கள். முழு விலை 210 பவுன். அக்காலத்து லண்டன் குமாஸ்தா ஒருவர் சில வருஷம் வாங்கும் சம்பளம் அது! கல்கத்தா தகடுகளில் தெரியும் தடுமாற்றம் இவற்றில் இல்லை. வில்லியத்தின் கை தேர்ந்து விட்டிருந்தது. அதனால் லண்டன் படங்கள்தான் உயர்த்தி என்று சிலர் சொல்வதுண்டு. அழகுக்கு அது சரி. ஆனால் கல்கத்தா படங்களில் உள்ள கரடுமுரடு, ஒரு மனிதர் புதிய ஊரில் புதிய தொழிலை முட்டி மோதிக் கற்றுக் கொள்ளும் கரடுமுரடு. சேகரிப்பவர்கள் அதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள்.

இந்தப் படங்களின் செல்வாக்கு விசித்திரமான இடங்களுக்கெல்லாம் போயிற்று. இங்கிலாந்தின் பீங்கான் பட்டறைகள் சாப்பாட்டுத் தட்டில் நீல மையால் இவற்றைப் பதித்தன. பிரான்சில் ஒரு கம்பெனி சுவரில் ஒட்டும் காகிதமாக அச்சிட்டது. கம்பெனியில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் மொகலாயர் பாணியில் வீடும் தோட்டமும் வேண்டும் என்று தாமஸிடம் யோசனை கேட்டு வந்தார்கள். செஸின்கோட் என்ற மாளிகையின் தோட்டத்தில் அவர் கைவண்ணம் இன்றும் இருக்கிறது. 1799-ல் ராயல் அகாடமி அவரை முழு உறுப்பினராகச் சேர்த்துக் கொண்டது. வண்டிக்கு வர்ணம் பூசப் போன பையனுக்கு ஐம்பதாவது வயதில் கிடைத்த மரியாதை.

அவர் மணம் செய்து கொள்ளவில்லை. வில்லியம் பின்னாளில் இங்கிலாந்தின் கடற்கரை முழுவதையும் சுற்றி முந்நூறுக்கு மேற்பட்ட படங்கள் வெளியிட்டு, தானும் ராயல் அகாடமி உறுப்பினரானான். வில்லியத்தின் தம்பி சாமுவேலும் ஓவியன். அவன் 1811-ல் இலங்கையில் இறந்து போனான். வில்லியம் 1837-ல் காலமானான். இரண்டு அண்ணன் மக்களையும் பறிகொடுத்த பின்பும் கிழவர் இருந்தார். 1840 மார்ச் 19-ஆம் தேதி லண்டன் கென்ஸிங்டனில் கண்ணை மூடினார். அதற்கு முந்தைய வருஷம்தான் பாரிசில் டாகேர் புகைப்படம் பிடிக்கும் முறையை வெளியிட்டிருந்தார்.

அசல் எது, நகல் எது

1901-ல் விக்டோரியா ராணி இறந்ததும் கல்கத்தாவில் நினைவு மண்டபம் எழுப்பத் திட்டமிட்ட கர்ஸன் பிரபு, அதற்குள் வைக்கப் பழைய படங்களைத் தேடிச் சேகரிக்க ஏற்பாடு செய்தார். 1921-ல் மண்டபம் திறக்கப்பட்டது. டேனியல்களின் படைப்புகள் உலகிலேயே அதிகமாக உள்ள இடம் அது என்பது பலரும் ஒப்புக் கொண்டது. தனியார் சேகரிப்பவர்கள் தம்மிடம் உள்ளதை ஒப்பிட்டுச் சரிபார்க்க அங்கேதான் போகிறார்கள்.

சரிபார்க்காமல் வாங்குவது ஆபத்து. ஒன்று, ஓரியண்டல் சீனரியிலும் கல்கத்தாக் காட்சிகள் சில உண்டு. அவற்றையே 1786-ன் படம் என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. இரண்டு, அதே புத்தகத்தின் சிறிய பதிப்பு 1812 முதல் 1816 வரை வந்தது. பெரியதன் விலையை இதற்குக் கேட்பார்கள். மூன்றாவது, பிற்காலத்து அச்சகங்களில் போட்டோ எடுத்து அடித்த நகல்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இந்த நகலில் பத்திரிகைப் படத்தில் உள்ளது போல் வரிசையான புள்ளிகள் தெரியும். அசல் அக்வாடின்டில் வரிசை இருக்காது. வறண்ட குளத்துச் சேறு வெடித்தது போல, ஒழுங்கில்லாத மெல்லிய வலை தெரியும். பிசின் துகள் விட்டுப் போன தடம் அது. படத்தைச் சுற்றிலும் தகடு அழுந்திய பள்ளத்தை விரலால் தடவி உணரலாம். ஆனால் சட்டம் போடும் கடைக்காரர் அழகுக்காக ஓரத்தை வெட்டியிருந்தால் இந்த அடையாளம் போயிருக்கும். லண்டன் படமானால் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வாட்மன் ஆலையின் நீர்க்குறி தெரிய வாய்ப்புண்டு.

வர்ணத்தைக் கொண்டு தீர்மானிப்பது கடினம். கையால் தீட்டியதால் ஒரே தகட்டில் அடித்த இரண்டு பிரதிகள் ஒன்று போல் இருக்காது. ஒன்றில் வானம் மாலை மஞ்சளாக இருக்கும். இன்னொன்றில் சாம்பல் நீலம். இரண்டுமே அசல்தான். வெளுத்த படத்துக்குப் புது வர்ணம் ஏற்றி விற்பவர்களும் உண்டு. அதிகப் பளபளப்பைக் கண்டால் விலகி விடுவதே நல்லது என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

சேகரிப்பவர்களில் சிலர் படத்தின் பிரதியைக் கையில் எடுத்துக் கொண்டு, டேனியல் நின்ற இடம் எது என்று தேடிப் போவதும் உண்டு. முதல் படத்தோடு கிளம்புகிறவர் ஹால்வெல் தூணைத் தேடிச் செயின்ட் ஜான்ஸ் மாதாகோயில் தோட்டத்துக்குப் போய்ச் சேருவார். அங்கே ஒரு தூண் இருக்கவும் செய்கிறது. ஆனால் டேனியல் வரைந்தது அதுவல்ல. அவர் வரைந்த செங்கல் தூண் 1821-ல் இடிக்கப்பட்டு விட்டது. கர்ஸன் 1902-ல் பளிங்கில் புதிதாக ஒன்றைப் பழைய கோட்டையருகே நிறுவினார். 1940-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு அதை அங்கிருந்து பெயர்த்து மாதாகோயில் தோட்டத்தில் கொண்டு வைத்தார்கள்.